பனி காணப் புறப்படுமுன்: சறுக்குமிடமும் தங்குமிடமும் தெரிவு செய்யும் முறை

கராடியில் டிசம்பர் மாதக் குளிர் இதமானது. முளா-முட்டா ஆற்றின் பக்கமிருந்து காலையில் மெல்லிய மூடுபனி எழும்; தொழில்நுட்பப் பூங்காக்களுக்குச் செல்லும் இளைஞர்கள் தேநீர்க் கடைகளில் கைகளைத் தேய்த்துக்கொண்டு நிற்பார்கள். அந்நாட்களில் எங்கள் கிளைக்கு வரும் தமிழ் வாடிக்கையாளர்கள் பலர் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு: "குடும்பத்தோடு போய்ப் பனியைப் பார்க்க வேண்டும், பிள்ளைகள் சறுக்கிப் பழக வேண்டும், எங்கே போகலாம், எவ்வளவு ஆகும்?"

எவ்வளவு ஆகும் என்பதற்கு விடை கூறுவது எங்கள் தொழில். ஆயினும், எங்கே போவது, எங்கே தங்குவது என்பது தெளிவாகாதவரை செலவுக் கணக்கும் சரியாக அமையாது. இதனை எங்களுக்குக் கற்பித்தது ஒரு வாடிக்கையாளரின் அனுபவம். அவருடைய இசைவுடன் அதனை இங்கே கூறுகிறோம்.

ஒரு பயணமும் மூன்று தவறுகளும்

அவர் திருநெல்வேலிப் பக்கத்தவர். கராடியில் மென்பொருள் நிறுவனமொன்றில் பணிபுரிபவர். தந்தை மறைந்தபின் தாயாரைத் தம்முடன் அழைத்து வந்திருந்தார். எழுபதை நெருங்கிய அந்த அம்மையாருக்குப் பனி பொழிவதை ஒருமுறையேனும் கண்ணால் காண வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. மகன், மருமகள், இரு பேரப்பிள்ளைகள் ஆகியோருடன் 2024 ஜனவரி இரண்டாம் வாரத்தில் குல்மார்க் செல்வதாக ஏற்பாடாயிற்று. ஒரு பயண முகவர் காட்டிய படங்களை நம்பி, முதிர்வுக்கு முன்பே ஒரு வைப்புத்தொகையை முறித்து, முழுப் பணத்தையும் ஒரே தவணையில் செலுத்திவிட்டார் மகன்.

அந்த ஜனவரியில் காஷ்மீரில் வறட்சி. வெண்மையாக இருக்க வேண்டிய குல்மார்க் சரிவுகள் பழுப்பு நிறத்தில் காய்ந்து கிடந்தன. மாத இறுதியில்தான் பனி பெய்யத் தொடங்கியது. அதற்குள் இவர்கள் புணே திரும்பிவிட்டனர். போதாக்குறைக்கு, 'குல்மார்க் விடுதி' என்று ரசீதில் கண்டிருந்த விடுதி உண்மையில் 13 கிலோமீட்டர் கீழே தங்மார்க்கில் இருந்தது. பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, பனிக்குத் தாம் பொறுப்பல்ல என்று முகவர் கூறிவிட்டார். ஒப்பந்தத்திலும் அவ்வாறே எழுதியிருந்தது.

"அடுத்த தடவ பாத்துக்கிடலாம்யா" என்று தாயார் ஆறுதல் கூறினாராம். அவருடைய வயதில் அடுத்த தடவை என்பது உறுதியில்லாத சொல். மகன் அதை எங்களிடம் கூறுகையில் குரல் தாழ்ந்துவிட்டது.

இடத்தைப் படத்தைப் பார்த்துத் தெரிவு செய்தது, தேதியைப் பனிக்காக அன்றி விடுமுறைக்காகக் குறித்தது, பணத்தை நிபந்தனையின்றிக் கொடுத்தது ஆகிய மூன்றும் அவர் செய்த தவறுகள். இவற்றைத் தவிர்க்கும் வழியையே இக்கட்டுரையில் விளக்க முற்படுகிறோம்.

முதலில் ஆட்களை எண்ணுக

பனிமலைக்குச் செல்வோர் மூவகையினர். பனியைக் கண்டு, தொட்டு, படமெடுத்துக்கொண்டு திரும்ப விரும்புவோர் ஒரு வகை. சறுக்குக் கலையைப் புதிதாகப் பயில விரும்புவோர் இன்னொரு வகை. ஏற்கெனவே பயின்று, செங்குத்துச் சரிவுகளைத் தேடுவோர் மூன்றாம் வகை. நம் குடும்பங்களில் பெரும்பாலும் முதல் இரு வகையினரே கலந்திருப்பர்: பெரியவர்கள் பார்ப்பவர்கள், பிள்ளைகள் பயில்பவர்கள். மூன்றாம் வகையினருக்காகப் புகழ்பெற்ற ஓரிடம் இவர்களுக்கும் ஏற்றதாயிருக்கும் என்று கொள்வதற்கில்லை.

பயில விரும்புவோர் நாட்கணக்கைக் கவனிக்க வேண்டும். கனத்த காலணியை அணிந்து பலகையைப் பூட்டுவது, விழுவது, விழுந்தபின் எழுவது, கால்களை உள்வாட்டமாகச் சாய்த்து வேகத்தைத் தணிப்பது ஆகியவற்றிலேயே முதல் நாள் கழிந்துவிடும். தொடர்ந்து மூன்று நாட்களேனும் சரிவில் நின்றால்தான் தன்னம்பிக்கை பிறக்கும். இரண்டு இரவுச் சுற்றுலாவில் சறுக்கு என்பது படமெடுப்பதோடு முடிந்துவிடும்.

அடுத்தது உயரம். புணே கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 560 மீட்டர் உயரத்தில் உள்ளது. ஏறத்தாழ 2,500 மீட்டருக்கு மேல் சிலருக்குத் தலைவலி, குமட்டல், மூச்சிரைப்பு, உறக்கமின்மை ஆகியன தோன்றலாம். உடல்வலிமை மிக்க இளைஞர்களும் இதற்கு விலக்கல்லர். இதய நோய், நுரையீரல் நோய், இரத்த அழுத்தம் உடையோர் மருத்துவரைக் கேட்டே புறப்பட வேண்டும். குழுவில் மிகவும் தளர்ந்தவர் எவரோ அவருக்கு ஏற்ற இடமே குழு முழுமைக்கும் ஏற்ற இடம்.

எந்த மாதம்?

காஷ்மீரத்தார் குளிர்காலத்தை மூன்றாகப் பகுப்பர். டிசம்பர் 21 முதல் ஜனவரி 31 முடிய ஏறத்தாழ 40 நாட்கள் கடுங்குளிர். அதற்குச் சில்லே கலான் என்று பெயர். அதனையடுத்து 20 நாட்கள் சில்லே குர்த், பின்னர் 10 நாட்கள் சில்லே பச்சா. பனியின் அளவு ஆண்டுதோறும் மாறும். மேற்கிலிருந்து வரும் குளிர்காலக் காற்றழுத்த மண்டலங்களே இமயமலைக்குப் பனியைக் கொணர்கின்றன. அவை வலுவிழந்த ஆண்டுகளில் சரிவுகள் வெறுமையாகின்றன.

2025 பிப்ரவரியில் குல்மார்க்கில் நடைபெறவிருந்த கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுப் போட்டிகளே பனி போதாமையால் மார்ச் மாதத்திற்குத் தள்ளிவைக்கப்பட்டன. தேசியப் போட்டிக்கே இந்த நிலை என்றால் குடும்பச் சுற்றுலாவுக்கு உறுதி கூறுவார் யார்?

பொதுவாக ஜனவரி நடுப்பகுதி முதல் பிப்ரவரி இறுதி வரை பனிக்கு வாய்ப்பு அதிகம். ஆனால் பள்ளி விடுமுறை கிறிஸ்துமஸ் வாரத்தில் வருகிறது. அவ்வாரத்தில் அறை வாடகை உச்சத்தில் இருக்கும். பனியோ வரலாம், வராமலும் போகலாம். பொதுத்தேர்வு எழுதும் பிள்ளைகள் இல்லாத வீட்டில், பிப்ரவரியில் நான்கைந்து நாள் விடுப்பு எடுப்பது கிறிஸ்துமஸ் வாரத்தைவிட ஆதாயமானது. தேர்வெழுதும் பிள்ளை உள்ள வீட்டார் அவ்வாண்டு பொறுத்திருந்து மறு ஆண்டு செல்வதே நன்று.

மூன்று இடங்கள்

குல்மார்க்: ஸ்ரீநகர் விமான நிலையத்திலிருந்து ஏறத்தாழ 55 கிலோமீட்டர், உயரம் ஏறத்தாழ 2,650 மீட்டர். கோண்டோலா எனப்படும் கம்பிவட ஊர்தி இரு கட்டங்களாக ஏறுகிறது. 1998-இல் தொடங்கிய முதற்கட்டம் ஏறத்தாழ 3,100 மீட்டர் உயரத்திலுள்ள கோங்தூரிக்கும், 2005-இல் தொடங்கிய இரண்டாம் கட்டம் அபர்வாட் மலையில் ஏறத்தாழ 3,950 மீட்டருக்கும் கொண்டுசெல்கின்றன. புதியவர்கள் பயிலும் மென்சரிவுகள் கீழே புல்வெளிப் பகுதியிலேயே உள்ளன; கோண்டோலாவில் ஏறாமலே அங்குப் பயிலலாம். மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் கீழ் இயங்கும் இந்தியப் பனிச்சறுக்கு மற்றும் மலையேற்றக் கழகம் இங்கே பயிற்சி அளிக்கிறது. 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியாவின் சார்பில் தனி ஒருவராகக் கலந்துகொண்ட ஆரிஃப் கான் இந்தச் சரிவுகளில் வளர்ந்தவரே.

அபர்வாட்டின் மேற்சரிவுகள் வேறு வகையானவை. ஆல்ப்ஸ் மலைநாடுகளில் சறுக்குத் தடங்களைச் செப்பனிட்டு, எளியவற்றுக்குப் பச்சையும் நீலமும், கடினமானவற்றுக்குச் சிவப்பும் கறுப்பும் அடையாளமாக இடுவர். அபர்வாட்டின் பெரும்பகுதி அவ்வாறு செப்பனிடப்படாத இயற்கைச் சரிவு. அங்கே 2023 பிப்ரவரியில் நேர்ந்த பனிச்சரிவில் போலந்து நாட்டவர் இருவரும், 2024 பிப்ரவரியில் குல்மார்க்கின் மேற்சரிவுகளில் ரஷ்ய நாட்டவர் ஒருவரும் உயிரிழந்தனர். தேர்ந்த வழிகாட்டியும் பனிச்சரிவு எச்சரிக்கை குறித்த தெளிவும் இன்றி அங்கே செல்லலாகாது. முதன்முறை செல்வோருக்கு இரண்டாம் கட்டம் தேவையே இல்லை.

சோலாங்: இமாசலப் பிரதேசத்தில் மணாலியிலிருந்து 13 கிலோமீட்டர், உயரம் ஏறத்தாழ 2,500 மீட்டர். தில்லியிலிருந்தும் சண்டிகரிலிருந்தும் பேருந்தில் செல்லலாம் என்பதால் செலவு குறையும். மணாலியிலுள்ள அடல் பிகாரி வாஜ்பாய் மலையேற்றக் கழகம் பனிச்சறுக்குப் பயிற்சி வகுப்புகள் நடத்துகிறது. பார்ப்பவர்களுக்கு உகந்த இடம். பயில்பவர்களுக்குக் கூட்டம் இடையூறாகும். பனி மிகுந்த நாட்களில் நான்கு சக்கர இயக்க வாகனங்களுக்கு மட்டுமே வழி விடுவர். போக்குவரத்து நெரிசலில் அரை நாள் கழிந்துவிடுவதும் உண்டு. சோலாங்கில் பனி இல்லையெனில், 2020-இல் திறக்கப்பட்ட 9.02 கிலோமீட்டர் நீள அடல் சுரங்கப்பாதை வழியே லாகௌல் பக்கம் சென்று பனியைக் காணும் வாய்ப்பும் உண்டு.

ஔலி: உத்தராகண்ட் மாநிலத்தின் சமோலி மாவட்டத்தில், ஏறத்தாழ 2,500 முதல் 3,050 மீட்டர் உயரம் வரை பரந்த சரிவு. எதிரே நந்தா தேவிச் சிகரம் தோன்றும். 2011-இல் தெற்காசியக் குளிர்கால விளையாட்டுகள் இங்கே நடைபெற்றன. கட்வால் மண்டல வளர்ச்சிக் கழகம் 7 நாள், 14 நாள் பயிற்சி வகுப்புகளை நடத்திவருகிறது; முறையாகப் பயில விரும்பும் கல்லூரி மாணவர்களுக்கு இது ஏற்றது. ஆனால் ரிஷிகேசத்திலிருந்து ஏறத்தாழ 250 கிலோமீட்டர் மலைச்சாலையை ஒரு முழுப்பகல் கடக்க வேண்டும். 2023 ஜனவரியில் ஜோஷிமட் நகரில் நிலம் தாழ்ந்தபோது அங்கிருந்து ஔலிக்குச் சென்ற கம்பிவட ஊர்தி நிறுத்தப்பட்டது. புறப்படுமுன் சாலை நிலவரத்தையும் ஊர்தி நிலவரத்தையும் அரசு அலுவலகத்தில் விசாரித்தறிவது கட்டாயம். முதியோரை அழைத்துச் செல்ல ஏற்ற பாதையன்று.

தங்குமிடம் எங்கே?

சறுக்கப் பயில்பவருக்கு விடுதியின் அழகைவிட, சரிவுக்கும் விடுதிக்கும் இடைப்பட்ட தொலைவே முக்கியம். ஸ்ரீநகரில் தங்கி நாள்தோறும் குல்மார்க் சென்றுவர எண்ணினால் போகவர நான்கு மணி நேரம் சாலையிலேயே கழியும். தங்மார்க்கில் வாடகை குறைவு. ஆனால் பனி விழுந்த காலையில் மேலே ஏறச் சங்கிலி பூட்டிய வண்டி வேண்டும், அதற்குத் தனிக்கட்டணமும் காத்திருப்பும் உண்டு. ஐந்து பேர் கொண்ட குடும்பம் அக்கட்டணத்தையும் கூட்டிப் பார்த்தால், மேலே தங்குவதற்கும் கீழே தங்குவதற்கும் உள்ள வேறுபாடு பெரிதும் சுருங்கிவிடும்.

எங்கள் பரிந்துரை இதுவே: முதல் இரவு ஏறத்தாழ 1,585 மீட்டர் உயரத்திலுள்ள ஸ்ரீநகரில், உடல் உயரத்திற்குப் பழகும். அடுத்த மூன்று இரவுகள் குல்மார்க்கில், பயிற்சிச் சரிவுக்கு நடந்து செல்லும் தொலைவில். இறுதி இரவு மீண்டும் ஸ்ரீநகரில். பனிப்பொழிவில் மலைச்சாலை மூடப்படுவதும் விமானங்கள் இரத்தாவதும் வழக்கமாதலால் இந்த இறுதி இரவு வீண்செலவன்று. புணேயிலிருந்து தில்லி வழியே செல்வோர் தில்லியின் மூடுபனித் தாமதத்தையும் கணக்கில் கொள்க.

அவசரமின்றிச் செல்ல விரும்புவோர் புணேயிலிருந்து ஜீலம் விரைவு ரயிலில் ஜம்மு வரை இரு இரவுகள் பயணம் செய்து, பின்னர் கட்ரா சென்று, 2025 ஜூன் மாதம் தொடங்கிய கட்ரா-ஸ்ரீநகர் வந்தே பாரத் ரயிலில் ஏறலாம். செனாப் ஆற்றுப் பாலத்தைக் காணும் பேறும் கிட்டும்.

அறையை உறுதி செய்யுமுன் விடுதியைத் தொலைபேசியில் அழைத்துச் சில கேள்விகள் கேட்க வேண்டும். விடுதி எந்த ஊரின் எல்லையில் உள்ளது? அறை முழுதும் வெப்பமூட்டும் வசதி உண்டா, அல்லது மின்கம்பளமும் புகாரி எனப்படும் விறகடுப்பும் மட்டுமா? மின்சாரம் நின்றால் மாற்று ஏற்பாடு என்ன? குழாய்நீர் உறைந்துபோனால் வெந்நீர் கிடைக்குமா? முதியவருக்குத் தரைத்தள அறை உண்டா? சைவ உணவும் சோறும் கிடைக்குமா? இவற்றுக்கு நேரான விடை தராத விடுதியை விட்டுவிடுக.

இன்னொரு சிறு குறிப்பு: வெளிமாநில முன்கட்டணச் செல்பேசி இணைப்புகள் ஜம்மு காஷ்மீரில் இயங்குவதில்லை. குழுவில் இருவரிடமேனும் போஸ்ட்பெய்ட் இணைப்பு இருக்கட்டும். இல்லையெனில் வங்கியின் ஒருமுறைக் கடவுச்சொல்லும் வந்து சேராது.

பணம்: சேர்ப்பதும் செலுத்துவதும்

சேர்ப்பதற்கு எளிய வழி தொடர் வைப்புக் கணக்கு. எடுத்துக்காட்டாக, பயணத்திற்கு ரூ.1,20,000 தேவையெனக் கொண்டால், பன்னிரண்டு மாதங்கள் ரூ.10,000 வீதம் செலுத்தினால் அசலே அத்தொகையாகிவிடும். கிடைக்கும் வட்டி கம்பளி உடைகளுக்கு உதவும். மாறாக, கடன் அட்டையில் ஒரு இலட்சம் ரூபாயை நிலுவை வைத்து, மாதம் 3.5 விழுக்காடு வட்டி என்றால், ஒரே மாதத்தில் ரூ.3,500 வட்டியாகச் சேரும். வைப்புத்தொகையை முறிக்க நேர்ந்தால் அதற்கு முன் அதன் மீது கடன் பெறும் வசதியை விசாரியுங்கள். அபராத வட்டியைவிட அது ஆதாயமாகலாம்.

செலுத்துகையில் தவணை முறையே நன்று. முன்பணம் சிறிதாகவும், மீதி விடுதியை அடைந்தபின்னும் இருக்கட்டும். தேதியை மாற்றிக்கொள்ள அனுமதி உண்டா, எத்தனை நாட்களுக்கு முன் இரத்து செய்தால் எவ்வளவு திரும்பும் என்பவற்றை எழுத்தில் பெறுக. கோண்டோலா சீட்டுகளை ஜம்மு காஷ்மீர் கேபிள் கார் கழகமே இணையத்தில் விற்கிறது. இடைத்தரகரிடம் கூடுதல் விலை கொடுக்க வேண்டியதில்லை.

போலி விடுதித் தளங்கள் பெருகியுள்ளன. பணம் பெறுவதற்கு யு.பி.ஐ. ரகசிய எண் ஒருபோதும் தேவையில்லை; 'பணத்தைத் திருப்பித் தருகிறோம், எண்ணை இடுங்கள்' என்பவர் மோசடிக்காரரே. ஏமாற்றப்பட்டதாக அறிந்தவுடன் 1930 என்ற எண்ணையும் தங்கள் வங்கியையும் அழையுங்கள். தாமதமின்றி அழைத்தால் பணம் கைமாறுவதைத் தடுக்க வாய்ப்புண்டு.

காப்பீட்டுப் பத்திரத்தை ஒருமுறை ஊன்றிப் படியுங்கள். பல பத்திரங்கள் பனிச்சறுக்கைச் சாகச விளையாட்டாகக் கருதி விலக்கியிருக்கும். கூடுதல் பிரீமியத்தில் அதனைச் சேர்க்க இயலுமா என்று கேட்க வேண்டும். மலையிலிருந்து மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லும் செலவு அடங்குமா என்பதும் முக்கியம்.

மாத ஊதியம் பெறுவோர் பழைய வரிமுறையில் இருந்தால், விடுப்புப் பயணச் சலுகையின் கீழ் இந்தியாவிற்குள் செல்லும் பயணக் கட்டணத்திற்கு வரிவிலக்குக் கோரலாம். நான்கு ஆண்டுத் தொகுதியில் இரு பயணங்களுக்கு இது பொருந்தும். நடப்புத் தொகுதி 2026 முதல் 2029 வரை. விடுதி வாடகைக்கும் உணவுக்கும் இச்சலுகை இல்லை. புதிய வரிமுறையிலும் இல்லை. ஆல்ப்ஸ் போன்ற வெளிநாட்டுச் சரிவுகளை நாடுவோருக்கும் இது கிடையாது. அவர்கள் சுற்றுலாத் தொகுப்பின் மீது மூலத்தில் வசூலிக்கப்படும் வரிக்கும் பணம் ஒதுக்க வேண்டும்.

அடுத்த தடவை

திருநெல்வேலி அம்மையாரின் மகன் 2024 பிப்ரவரியிலேயே எங்கள் கிளையில் தொடர் வைப்புக் கணக்கொன்றைத் தொடங்கினார். தேதி மாற்றும் உரிமையை எழுத்தில் பெற்று, 2025 பிப்ரவரி நடுப்பகுதிக்கு விடுதியை நேரடியாகப் பதிவு செய்தார். பனி போதவில்லை என்ற செய்தி வந்ததும் கூடுதல் செலவின்றிப் பயணத்தை மார்ச் முதல் வாரத்திற்கு மாற்றிக்கொண்டார். பிள்ளைகள் கீழ்வகுப்பினராதலால் பள்ளியில் விடுப்புப் பெறுவதும் கடினமாயில்லை.

முதல் இரவு ஸ்ரீநகர். பின்னர் குல்மார்க்கில் சரிவுக்கு அருகே தரைத்தள அறை. பிள்ளைகள் மூன்று நாட்கள் பயின்று, மூன்றாம் நாள் விழாமல் கீழிறங்கினர். தாயார் கோண்டோலாவில் ஏறவில்லை. இரண்டாம் நாள் பிற்பகலில் விடுதி வாயிலில் நாற்காலியிட்டு அமர்ந்திருந்தபோது பனி பொழியத் தொடங்கியது. சால்வையிலிருந்து கையை வெளியே நீட்டி, உள்ளங்கையில் விழுந்தது கரையும்வரை பார்த்துக்கொண்டிருந்தாராம். அந்தப் படத்தை மகன் எங்களுக்குக் காட்டினார்.

பயணத்தின் மொத்தச் செலவு முந்தையதைவிடச் சற்றுக் குறைவாகவே அமைந்தது என்பதையும் அவரே கணக்கிட்டுக் கூறினார்.

இந்தக் குளிர்காலத்திலோ அடுத்ததிலோ பனி காணச் செல்ல எண்ணும் வாசகர்கள் இன்றே குடும்பத்தாருடன் அமர்ந்து, யார் யார் வருகிறார்கள், யாருக்கு எது இயலும் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். அந்தத் தாளுடன் அருகிலுள்ள கிளைக்கு வந்தால் சேமிப்புத் திட்டத்தை வகுத்துத் தர அங்குள்ள அலுவலர்கள் உதவுவார்கள். தங்கள் பயணம் இனிதே அமைய வாழ்த்துகிறோம்.